லினக்சு கணினியுடன் சிறு ஒலிக்கலவைக் கருவி

சிறு ஒலிக்கலவைக் கருவி என்பது பல ஒலிவாங்கிகள், இசைக்கருவிகள் ஆகியவற்றிலிருந்து வரும் மின்குறிகைகளை ஏற்று, அவற்றின் அளவைச் சீராக்கி, ஒன்றாகக் கலந்து வெளியிடும் மேசை அளவிலான மின்னணுக் கருவி ஆகும். பேச்சுவழக்கில் இது மிக்சர் எனப்படுகின்றது. இக்கருவியை லினக்சு இயங்குதளம் நிறுவப்பட்ட கணினியுடன் இணைத்துப் பேச்சு, பாராயணம், கச்சேரி, வானொலி நிகழ்ச்சி முதலியவற்றைக் கட்டற்ற மென்பொருள்களைக் கொண்டே பதிவு செய்ய இயலும். வன்பொருளைத் தவிர வேறு செலவு இல்லை என்பதால் மாணவர்களும் தன்னார்வலர்களும் சிறு வானொலி நிலையங்களும் இம்முறையைப் பயன்படுத்துகின்றனர்.

ஸ்ரீரங்கம் போன்ற ஊர்களில் வாய்வழியாக வழங்கிவரும் இசை மரபுகளைப் பதிவு செய்வதற்கும் இது ஏற்ற முறையாகும். எனினும் இதற்கு ஓர் அடிப்படையான வரம்பு உண்டு. பெரும்பாலான சிறு கருவிகள் கலந்து முடித்த ஒலியையே கணினிக்கு அனுப்புகின்றன. ஒருமுறை கலந்த ஒலியைப் பின்னர் முழுமையாகப் பிரித்தெடுக்க இயலாது. ஆகவே பதிவின் தரம் பெரிதும் பதிவுக்கு முன் எடுக்கப்படும் முடிவுகளைப் பொறுத்தே அமைகின்றது.

கருவியின் அமைப்பு

சிறு கருவிகளில் பொதுவாக ஒன்று முதல் நான்கு வரையிலான ஒலிவாங்கி உள்ளீடுகளும், சில தட உள்ளீடுகளும் இருக்கும். ஒலிவாங்கி தரும் மின்னழுத்தம் சில மில்லிவோல்ட்டுகள் மட்டுமே. உள்ளீட்டின் முதற்கட்டப் பெருக்கி இதனைக் கையாளத்தக்க அளவுக்கு உயர்த்துகின்றது. இப்பெருக்கியின் அளவை மாற்றும் குமிழ் கெயின் எனப்படும்.

மின்தேக்கி வகை ஒலிவாங்கிகள் இயங்குவதற்கு 48 வோல்ட் மின்னழுத்தம் தேவை. கருவியே இதனை ஒலிவாங்கிக் கம்பிவடம் வழியாக வழங்குகின்றது. இதற்கு பேன்டம் பவர் என்று பெயர். இயங்குசுருள் வகை ஒலிவாங்கிகளுக்கு இது தேவையில்லை.

ஒவ்வொரு தடத்திலும் தாழ், நடு, உயர் அதிர்வெண்களைக் கூட்டவும் குறைக்கவும் குமிழ்கள் உண்டு. தடத்தின் ஒலியை இடப்புறமாகவோ வலப்புறமாகவோ நகர்த்தும் குமிழ் பேன் எனப்படும். இறுதியாக, அனைத்துத் தடங்களும் இடம், வலம் என்ற இரண்டு வெளியீடுகளில் ஒன்றுசேர்கின்றன.

கணினியுடன் இணைக்கும் முறைகள்

முதல் முறை, கருவியின் வெளியீட்டைக் கணினியின் ஒலி அட்டையில் உள்ள தட உள்ளீட்டில் செருகுவது. மேசைக்கணினிகள் பலவற்றில் இது நீல நிறத் துளையாக இருக்கும். மடிக்கணினிகள் பெரும்பாலானவற்றில் தலையணி பேசிக்கும் ஒலிவாங்கிக்கும் சேர்த்து ஒரே துளை மட்டுமே உண்டு. அதிலுள்ள ஒலிவாங்கி உள்ளீடு ஒற்றைத் தடம் கொண்டது. மிகச் சிறிய குறிகைக்காக அமைக்கப்பட்டது. கலவைக் கருவியின் வலுவான வெளியீட்டை அதில் நேரடியாகச் செருகினால் ஒலி சிதைவுறும்.

இரண்டாம் முறை, யூஎஸ்பி வசதி கொண்ட கருவியைப் பயன்படுத்துவது. இதில் குறிகையை எண்மமாக மாற்றும் பணி கருவிக்குள்ளேயே நடைபெறுகின்றது. யூஎஸ்பி வழியாக ஒலியை அனுப்புவதற்கான பொதுச் செந்தரத்தின் முதற்பதிப்பு 1998 ஆம் ஆண்டு வெளியிடப்பட்டது. இச்செந்தரத்தைப் பின்பற்றும் கருவிகளுக்கு லினக்சு கருனியிலேயே இயக்கி இருப்பதால், தனியாக எதையும் நிறுவத் தேவையில்லை. ஒரு கருவியின் பெட்டியில் லினக்சு என்ற சொல் அச்சிடப்படாதிருப்பினும், இயக்கி நிறுவாமலே இயங்கும் என்று குறிப்பிடப்பட்டிருந்தால் அது லினக்சிலும் பெரும்பாலும் இயங்கும்.

எடுத்துக்காட்டாக, பெஹ்ரிங்கர் நிறுவனத்தின் சீனிக்ஸ் வகைக் கருவிகள் சிலவற்றில் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் பிசிஎம் 2902 என்ற சில்லு பயன்படுகின்றது. இது 16 பிட் நுணுக்கத்தில், நொடிக்கு 48,000 மாதிரிகள் வரை, இரண்டு தடங்களைப் பதிவு செய்யவல்லது. இதற்கு வேண்டிய தரவு வேகம் நொடிக்கு 1.536 மெகாபிட் மட்டுமே. யூஎஸ்பியின் பழைய 12 மெகாபிட் வேகமே இதற்குப் போதுமானது.

மூன்றாவதாக, ஒவ்வொரு தடத்தையும் தனித்தனியே கணினிக்கு அனுப்பும் பல்தடக் கருவிகளும் உள்ளன. இவற்றின் விலை அதிகம். வாங்குமுன் யூஎஸ்பி வழியாக எத்தனை தடங்கள் செல்கின்றன என்பதை உறுதிசெய்துகொள்ள வேண்டும். எட்டு உள்ளீடுகள் கொண்ட கருவி எட்டுத் தடங்களைக் கணினிக்கு அனுப்பும் என்று கொள்ளலாகாது.

லினக்சின் ஒலி அடுக்குகள்

வன்பொருளுடன் நேரடியாகத் தொடர்புகொள்ளும் அடுக்கு ஆல்சா ஆகும். யாரோஸ்லாவ் கைசெலா என்பவர் 1998 ஆம் ஆண்டு இத்திட்டத்தைத் தொடங்கினார். 2003 டிசம்பரில் வெளியான 2.6 கருனியில் இது முதன்மை ஒலி அமைப்பாக இடம்பெற்றது.

ஆல்சாவின் மேல் இயங்கும் அடுக்குகள் மூன்று குறிப்பிடத்தக்கவை. ஆர்டோர் என்னும் பல்தட ஒலிப்பதிவு மென்பொருளை உருவாக்கிய பால் டேவிஸ் தொடங்கிய ஜாக், குறைந்த காலத்தாமதத்துடன் நிரல்களிடையே ஒலியை இணைக்கின்றது. பல்ஸ்ஆடியோ அன்றாடப் பயன்பாட்டுக்கானது. பைப்வயர் இவ்விரண்டின் பணிகளையும் ஒருங்கே செய்கின்றது. ஃபெடோரா 34 வெளியீட்டிலும் (2021), உபுண்டு 22.10 வெளியீட்டிலும் (2022) இது இயல்பிருப்பு ஒலி அமைப்பாக ஆனது. இதன் 1.0 பதிப்பு 2023 நவம்பரில் வெளிவந்தது. ஜாக்குக்காக எழுதப்பட்ட நிரல்களைப் பைப்வயரிலும் இயக்கலாம் என்பதால் புதிய பயனர்கள் தனியே ஜாக்கை அமைக்கவேண்டிய தேவை குறைந்துள்ளது.

கருவியை அறிந்துகொள்ளல்

கருவியை இணைத்தபின் முனையத்தில் எல்எஸ்யூஎஸ்பி கட்டளையை இயக்கினால், இணைக்கப்பட்டுள்ள யூஎஸ்பி கருவிகளின் பட்டியல் தோன்றும். அடுத்து, ஆல்சாவுடன் வரும் அரெக்கார்ட் கட்டளையைப் பட்டியல் விருப்பத்துடன் இயக்கினால், பதிவு செய்யக்கூடிய ஒலி அட்டைகள் எண்ணுடன் காட்டப்படும். மேற்கூறிய சில்லு கொண்ட கருவிகள் இப்பட்டியலில் நிறுவனத்தின் பெயரின்றி, கோடெக் என்ற பொதுப்பெயரிலேயே தோன்றுவதுண்டு. இதனைக் கண்டு கருவி அறியப்படவில்லை என்று கருத வேண்டியதில்லை.

அட்டையின் எண் கணினியை மீண்டும் தொடங்கும்போது மாறக்கூடும். ஆகவே நிரல்களில் எண்ணைவிட அட்டையின் பெயரைக் குறிப்பிடுவதே நல்லது.

ஆல்சாமிக்சர் நிரலில் பல கலவைக் கருவிகளுக்குப் பதிவு அளவைக் கட்டுப்படுத்தும் நெம்புகோல் காட்டப்படுவதில்லை. இது குறைபாடு அன்று. பதிவின் அளவு கருவியிலுள்ள குமிழ்களாலேயே முடிவாகின்றது.

ஒலியளவை அமைத்தல்

எண்மப் பதிவில் அளவின் உச்சவரம்பு சுழி டெசிபெல் ஆகும். அதனைத் தாண்டும் ஒலி வெட்டுண்டு கரகரப்பாகும். வெட்டுண்ட அலையைப் பின்னர் உள்ளபடி மீட்க இயலாது. ஆகவே உரத்த பகுதியும் வரம்புக்கு 12 முதல் 6 டெசிபெல் கீழே நிற்குமாறு அமைப்பது வழக்கம்.

அளவு குறைந்தால் இரைச்சல் மிகும் என்ற அச்சம் பலருக்கு உண்டு. 16 பிட் பதிவின் இயங்கு எல்லை ஏறத்தாழ 96 டெசிபெல். ஒவ்வொரு பிட்டும் சுமார் 6 டெசிபெல் ஆகும். உச்சத்தை 12 டெசிபெல் கீழே வைத்தால் இரண்டு பிட்டுகள் மட்டுமே பயன்படாது போகின்றன. எஞ்சியுள்ள 84 டெசிபெல் ஒரு வீட்டு அறைக்கோ கோயில் மண்டபத்துக்கோ போதுமானதே.

அமைக்கும் வரிசை பின்வருமாறு:

1. எல்லாத் தடங்களையும் முதன்மை வெளியீட்டையும் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும்.
2. பாடுபவரை அவர் நிகழ்ச்சியில் பாடக்கூடிய மிக உரத்த பகுதியைப் பாடச்செய்து, தடத்தின் உச்ச விளக்கு எரியாதவாறு கெயின் குமிழை அமைக்கவேண்டும்.
3. தடத்தின் அளவையும் முதன்மை அளவையும் அவற்றின் இயல்புக் குறியில் வைக்கவேண்டும்.
4. கணினித் திரையில் காட்டப்படும் அளவைப் பார்த்து, தேவையெனில் கெயின் குமிழையே சிறிது குறைக்கவேண்டும்.

சோதனையின்போது மெதுவாகப் பாடுபவர் அரங்கில் உரக்கப் பாடுவது இயல்பு. இதற்கென மேலும் சில டெசிபெல் இடைவெளி விடுவது பாதுகாப்பானது.

இரண்டு தடங்களைத் தனித்தனியே காத்தல்

இரண்டு தட வெளியீடு மட்டுமே உள்ள கருவியிலும், இரண்டு ஒலிவாங்கிகளைக் கலக்காமல் பதிவு செய்ய எளிய வழியுண்டு. முதல் ஒலிவாங்கியின் பேன் குமிழை முழுவதும் இடப்புறமாகவும், இரண்டாவதன் குமிழை முழுவதும் வலப்புறமாகவும் திருப்பினால், கணினியில் உருவாகும் கோப்பின் இடத்தடத்தில் ஒன்றும் வலத்தடத்தில் மற்றொன்றும் பதிவாகும். பின்னர் ஆடாசிட்டி போன்ற மென்பொருளில் இரட்டைத் தடத்தை இரண்டு ஒற்றைத் தடங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றின் அளவையும் தனியே திருத்திக் கலக்கலாம்.

பாடகரின் குரலையும் மிருதங்கத்தையும் நடுவில் வைத்துக் கலந்து பதிவு செய்தபின், மிருதங்கம் மிகுந்துவிட்டதைக் கண்டால், அதனைக் குறைக்கும்போது குரலும் சேர்ந்தே குறையும். இடம் வலமாகப் பிரித்த பதிவில் இச்சிக்கல் பெருமளவு நீங்கும். அருகருகே அமர்ந்திருக்கும்போது ஒருவரின் ஒலி மற்றவரின் ஒலிவாங்கியிலும் ஓரளவு விழும் என்பதால் முழுமையான பிரிவு கிடைக்காது.

செயற்கை நுண்ணறிவைக் கொண்டு கலந்த ஒலியைப் பிரிக்கும் கட்டற்ற நிரல்கள் இன்று உள்ளன. இவை குரலின் சில கூறுகளை இழக்கவோ, இல்லாத ஒலியைச் சேர்க்கவோ கூடும் என்பதால் ஆவணப் பதிவுகளுக்கு மாற்றாகக் கொள்ளத்தக்கவை அல்ல.

மிகச் சிறிய சில கருவிகளில் ஒவ்வொரு தடத்துக்கும் பேன் குமிழ் இருப்பதில்லை. வாங்கும்போது கவனிக்கவேண்டிய முதன்மையான கூறு இதுவாகும்.

காலத்தாமதம்

கணினி ஒலியைச் சிறு தொகுதிகளாகக் கையாள்கின்றது. தொகுதியின் அளவு 128 மாதிரிகள், தொகுதிகளின் எண்ணிக்கை 2, மாதிரி வீதம் 48,000 எனில் தாங்ககத்தால் ஏற்படும் தாமதம் 5.3 மில்லிநொடி. தொகுதியின் அளவை 1,024 ஆக உயர்த்தினால் இது 42.7 மில்லிநொடியாகும். தன் குரலைக் கணினி வழியாகக் கேட்டுக்கொண்டே பாடுபவருக்கு இரண்டாவது அளவு இடையூறாக இருக்கும்.

கலவைக் கருவியின் சிறப்பு இங்கு வெளிப்படுகின்றது. தலையணி பேசியைக் கருவியிலேயே செருகினால், ஒலி கணினிக்குள் செல்லாமல் நேராகக் காதை அடைகின்றது. ஆகவே பதிவு மட்டுமே நோக்கமாயின் பெரிய தொகுதிகளையே பயன்படுத்தலாம். பழைய கணினிகளிலும் பதிவு இடையில் அறுபடாமல் நடைபெற இது உதவும்.

பதிவுக்கு ஒரு கருவியையும், கேட்பதற்குக் கணினியின் உள்ளக ஒலி அட்டையையும் பயன்படுத்தினால், இரண்டின் கடிகாரங்களும் சற்றே வேறுபடும். பத்து இலட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தால் ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகல் ஏற்படும். நீண்ட பல்தடப் பதிவுகளில் இரண்டுக்கும் ஒரே கருவியைப் பயன்படுத்துவதே முறை.

இரைச்சலும் மின்சாரமும்

இந்தியாவில் மின்வழங்கலின் அதிர்வெண் 50 ஹெர்ட்ஸ். ஆகவே நிலத்தொடர்புச் சுற்றால் ஏற்படும் முரல் ஒலி 50, 100, 150 ஹெர்ட்ஸ் ஆகிய அதிர்வெண்களில் கேட்கும். கருவியையும் மடிக்கணினியையும் ஒரே மின்பலகையில் இணைப்பது, மூன்று முனை கொண்ட சமநிலைக் கம்பிவடங்களைப் பயன்படுத்துவது ஆகியவை இதனைக் குறைக்கும். மடிக்கணினியை மின்கலத்தில் இயக்கும்போது முரல் நின்றால் காரணம் மின்னேற்றியே என்று அறியலாம். முரலை நீக்குவதற்காக மின்செருகியின் நிலத்தொடர்பு முனையைத் துண்டிப்பது உயிருக்கு ஆபத்தானது.

மின்வெட்டு ஏற்பட்டால் மடிக்கணினி தொடர்ந்து இயங்கும். வெளி மின்னிணைப்பை நம்பியுள்ள கலவைக் கருவி நின்றுவிடும். மறுமுறை நிகழாத நிகழ்ச்சிகளைப் பதிவு செய்யும்போது கருவிக்கு யூபிஎஸ் அமைப்பது இன்றியமையாதது.

மற்றொரு பொதுச்சிக்கல் எதிரொலிச் சுழற்சி. கணினியிலிருந்து திரும்பும் ஒலி கருவியின் முதன்மைக் கலவையில் சேர்ந்தால், அது மீண்டும் கணினிக்கே சென்று பதிவாகும். திரும்பும் ஒலியைத் தலையணி பேசிக்கு மட்டும் அனுப்பும் பொத்தான் இருந்தால் அதனை அழுத்தியிருக்க வேண்டும். இல்லையெனில் கணினியின் வெளியீட்டை முடக்கவேண்டும்.

கோப்பும் சேமிப்பும்

நொடிக்கு 48,000 மாதிரிகள், 16 பிட், இரண்டு தடங்கள் என்ற அமைப்பில் ஒரு மணி நேரப் பதிவு ஏறத்தாழ 691 மெகாபைட் ஆகும். வழக்கமான வேவ் கோப்பின் அளவு 4 கிகாபைட்டைத் தாண்ட இயலாது. இவ்வரம்பு மேற்கூறிய அமைப்பில் சுமார் 6 மணி 12 நிமிடத்தில் எட்டப்படும். நீண்ட நிகழ்ச்சிகளை இடைவேளைகளில் நிறுத்தித் தனித்தனிக் கோப்புகளாகப் பதிவு செய்வது நல்லது.

மூலப்பதிவை ஃபிளாக் வடிவத்தில் சேமிக்கலாம். இது ஒலித்தரவில் எதனையும் இழக்காமல் கோப்பின் அளவைக் குறைக்கும் கட்டற்ற வடிவமாகும். இணையத்தில் பகிர ஓப்பஸ், ஓக் வோர்பிஸ் ஆகிய வடிவங்கள் ஏற்றவை. திருத்தங்களை எப்போதும் படியிலேயே செய்து, மூலக்கோப்பை மாற்றாமல் குறைந்தது இரண்டு இடங்களில் வைத்திருக்கவேண்டும்.

ஸ்ரீரங்கமும் ஒலிப்பதிவும்

திருச்சிராப்பள்ளி வானொலி நிலையம் 1939 மே 16 அன்று தொடங்கப்பட்டது. 1947 இல் இந்தியா விடுதலை பெற்றபோது நாட்டில் இருந்த ஆறு அனைத்திந்திய வானொலி நிலையங்களுள் இதுவும் ஒன்று. காவிரிக்கரையின் இசைக்கலைஞர் பலரின் குரல்கள் இந்நிலையத்தின் வழியாகவே பொதுமக்களைச் சென்றடைந்தன. அக்காலத்தில் ஒலிக்கலவை என்பது நிலையத்துக்குள் பொறியாளர்களால் மட்டுமே செய்யப்பட்ட பணியாகும். அதன் அடிப்படை வேலையை இன்று ஒரு சிறு கருவியும் பழைய மடிக்கணினியும் செய்கின்றன.

ஸ்ரீரங்கம் அரங்கநாதர் கோயிலில் மார்கழி, தை மாதங்களையொட்டி நடைபெறும் அத்யயன உற்சவத்தில் அரையர் சேவை நிகழ்கின்றது. நாலாயிர திவ்வியப் பிரபந்தப் பாசுரங்களை அரையர்கள் கைத்தாளம் இட்டு இசைத்து, அபிநயம் செய்து, பொருள் கூறும் மரபு இது. இம்மரபை நாதமுனிகளுடன் தொடர்புபடுத்துவர். பகல் பத்து நிகழ்ச்சிகள் அர்ச்சுன மண்டபத்திலும், இராப் பத்து நிகழ்ச்சிகள் ஆயிரங்கால் மண்டபத்திலும் நடைபெறுகின்றன. ஸ்ரீரங்கம் தவிர ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற சில தலங்களிலேயே இது தொடர்கின்றது. தலைமுறைதோறும் செவிவழியே கற்கப்படும் கலையாதலால், இதன் பண்ணும் உச்சரிப்பும் எழுத்தில் முழுமையாக அடங்குவதில்லை.

இத்தகைய நிகழ்வுகள் மேற்கூறிய நுட்பங்களுக்குத் தக்க எடுத்துக்காட்டாக அமைகின்றன. கைத்தாளத்தின் ஒலி திடீரென எழுந்து கூர்மையாக உச்சத்தைத் தொடுவது. குரலைக் கொண்டு அளவை அமைத்தால் தாளம் வெட்டுண்ணும். ஆகவே தாளத்தைக் கொண்டே அளவை அமைக்கவேண்டும். குரலும் தாளமும் ஒருவரிடமிருந்தே வருவதால் இவ்விரண்டையும் இடம் வலமாகப் பிரிக்க இயலாது. மாறாக, அரையருக்கு அருகிலுள்ள ஒலிவாங்கியை இடத்தடத்திலும், கல்மண்டபத்தின் எதிரொலியையும் மக்களின் ஓசையையும் வாங்கும் தொலைவிலுள்ள ஒலிவாங்கியை வலத்தடத்திலும் பதிவு செய்யலாம். பாசுரத்தைக் கற்க விரும்பும் மாணவர் முதல் தடத்தை மட்டும் கேட்கலாம்; நிகழ்வின் சூழலை அறிய விரும்புபவர் இரண்டையும் சேர்த்துக் கேட்கலாம்.

கோயிலில் பதிவு செய்யக் கோயில் நிர்வாகத்தின் இசைவும், நிகழ்த்துபவரின் இசைவும் பெறவேண்டும். பாசுரங்கள் பொதுவுடைமையாக இருப்பினும், இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் நிகழ்த்துகலைஞருக்கு அவரது நிகழ்த்தலின்மீது 50 ஆண்டு உரிமை வழங்குகின்றது. இசைவு பெறாத பதிவைக் கட்டற்ற உரிமத்தில் வெளியிட இயலாது.

கல்வியிலும் சமூக வானொலியிலும்

இந்தியாவில் கல்வி நிறுவனங்கள் சமூக வானொலி நடத்த 2002 ஆம் ஆண்டின் இறுதியில் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 2004 பெப்ரவரி 1 அன்று சென்னையில் தொடங்கியது. 2006 இல் இவ்வாய்ப்பு தன்னார்வ நிறுவனங்களுக்கும் விரிவாக்கப்பட்டது. திருச்சிராப்பள்ளியில் ஹோலி கிராஸ் கல்லூரி 90.4 மெகா ஹெர்ட்ஸ் அலைவரிசையில் சமூக வானொலியைத் தொடங்கியது. இத்தகைய சிறு நிலையங்களின் ஒலிபரப்பு அறையில் கலவைக் கருவியும் கணினியும் அடிப்படைத் தேவைகளாகும். கிராம் வாணி என்ற இந்திய நிறுவனம், சமூக வானொலிகளுக்காக கிரின்ஸ் என்ற நிலைய மேலாண்மை மென்பொருளை லினக்சில் இயங்குமாறு உருவாக்கியது.

தமிழ்நாடு அரசு 2011 இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்ட கணினிகளில், சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்சும் இடம்பெற்றது. அத்தகைய பழைய கணினிகள் இன்றைய கனமான மென்பொருள்களுக்கு ஈடுகொடுக்காவிடினும், இரண்டு தட ஒலிப்பதிவுக்குப் போதுமானவை. எளிய வரைகலை இடைமுகம் கொண்ட லினக்சு வழங்கல் ஒன்றை நிறுவி, ஆடாசிட்டியைச் சேர்த்தால் பதிவு நிலையம் உருவாகிவிடும்.

உரிய இசைவுடன் பதிவான ஒலிகளை விக்கிமீடியா பொதுவகத்தில் ஏற்றலாம். மொசில்லாவின் காமன் வாய்ஸ் திட்டத்துக்குத் தமிழ்க் குரல் வழங்குவோர், உலாவி வழியாகப் பதியும்போது கலவைக் கருவியையே உள்ளீடாகத் தேர்ந்தெடுக்கலாம். நூல் வாசிப்பு, சொற்களின் ஒலிப்பு, முதியோரின் நாட்டார் பாடல்கள், ஊர் வரலாறு கூறும் நேர்காணல்கள் முதலியன இம்முறையில் பதிவு செய்யத்தக்கவை. நேர்காணல்களில் கேட்பவரை ஒரு தடத்திலும் விடையளிப்பவரை மற்றொரு தடத்திலும் பதிவு செய்தால், பின்னாளில் எழுத்தாக்கம் செய்பவர்களுக்கும் பேச்சறி மென்பொருள்களுக்கும் யார் பேசியது என்பதைப் பிரித்தறிவது எளிதாகும்.